கை நீட்டவில்லை, ஆனால் கார்டு அவரிடம்

கேள்வி: எனக்கு 34 வயது. தனியார் பள்ளியில் ஆசிரியை. கல்யாணமாகி ஒன்பது வருடம், ஒரு பெண் குழந்தை. சம்பளம் ஏறிய அன்றே கணவர் எடுத்துவிடுவார், ஏடிஎம் கார்டு அவரிடம்தான். பஸ்ஸுக்குக்கூட கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆண் வாரிசு இல்லையென்று மாமியார் தினமும் குத்திக் காட்டுகிறார். என் நகையெல்லாம் அவர் பீரோவில் இருக்கிறது. எதையாவது கேட்டால், “இது எங்க அப்பா வீடு, பிடிக்கலைன்னா கிளம்பு” என்கிறார் கணவர். அம்மாவிடம் சொன்னால், “அடிக்கிறாரா, குடிக்கிறாரா? அப்புறம் என்ன?” என்கிறார். உண்மைதான், அவர் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. இதைக் குடும்ப வன்முறை என்று சொல்ல முடியுமா?
- பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

சொல்ல முடியும். நீங்கள் எழுதியிருப்பதில் பெரும்பகுதி சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும் விஷயம்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. எது வன்முறை என்பதை அதன் 3ஆம் பிரிவு சொல்கிறது. உடலை வதைப்பது, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் வதைப்பது, பொருளாதார வதை என நான்கு வகை. கணவனே ஆனாலும் கட்டாயப்படுத்தி உறவு கொள்வது இரண்டாவதில் வரும். வரதட்சணை கேட்டுத் தொல்லை செய்வதும் இதே பிரிவில் இருக்கிறது.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று பெண்ணை இழிவாகப் பேசுவதை இந்தப் பிரிவு தனியாகக் குறிப்பிடுகிறது. நம் வீடுகளில் சர்வசாதாரணமாக வந்து விழும் பேச்சு அது. கேட்டுக் கேட்டு உங்களுக்கே பழகியிருக்கும். சட்டத்துக்குப் பழகவில்லை.

சம்பளமும் அப்படித்தான். பெண்ணுக்கு உரிமையுள்ள பணத்தை அவளிடம் இல்லாமல் செய்வது, வீட்டுச் செலவுக்குத் தராமலிருப்பது, அவளுடைய சீதனத்தை எடுத்துவைத்துக்கொள்வது எல்லாம் பொருளாதார வதை. இந்தச் சட்டப்படி புகார் பதிவு செய்யும் படிவத்தில், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, சம்பளத்தைச் செலவு செய்ய விடாதது என்று வரி வரியாகவே இருக்கிறது. கல்யாணத்தில் உங்களுக்குப் போட்ட நகை யார் பீரோவில் இருந்தாலும் உங்களுடையதுதான். திருப்பிக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

“எங்க அப்பா வீடு” என்ற பேச்சுக்குப் பயப்படாதீர்கள். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், நீங்கள் குடும்பமாக வாழ்ந்துவரும் வீடு என்றால் அதில் தங்கும் உரிமையைக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் 2006இல் வந்த ஒரு தீர்ப்பு எத்தனையோ மருமகள்களுக்குப் பாதகமாக இருந்தது. அந்த நிலை இப்போது மாறிவிட்டது. இது உங்களுக்குச் சொத்தில் பங்கு தராது. ஆனால் சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் உங்களை வெளியே தள்ள முடியாது. மாமியார்மீதும் மனு போடலாம், உச்ச நீதிமன்றத்தின் 2016 தீர்ப்புக்குப் பிறகு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவரும் பெண் என்பதால், அவரை வீட்டைவிட்டு வெளியேற்ற மட்டும் இந்தச் சட்டத்தில் உத்தரவு கிடைக்காது.

ஒரு நாள் சண்டையில் வாய் தவறி வந்த வார்த்தையை வைத்து நீதிமன்றம் முடிவு செய்யாது, மொத்தச் சூழலையும் பார்க்கும். உங்கள் கதை ஒன்பது வருடக் கதை.

“கேஸ் போட்டால் அவரை ஜெயிலில் போடுவார்களா, விவாகரத்தில் முடியுமா” என்ற பயம் நிறையப் பேரை வாய் திறக்க விடாமல் செய்கிறது. நீங்கள் எழுதவில்லை என்றாலும் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்தச் சட்டத்தில் மனு கொடுத்ததும் கைது கிடையாது. மாஜிஸ்திரேட்டிடம் நீங்கள் கேட்பது பாதுகாப்பு, தங்க இடம், செலவுக்குப் பணம், நகை, குழந்தை உங்களிடம் இருப்பது, நஷ்டஈடு. விவாகரத்து கேட்க வேண்டியதில்லை, அதே வீட்டில் இருந்துகொண்டே கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அது குற்றம்: ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுமைக்கான போலீஸ் வழக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 85ஆம் பிரிவு. அது வேறு பாதை. வேண்டுமா என்பது உங்கள் முடிவு.

மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இந்தச் சட்டத்துக்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அவரிடம் சொன்னால் சம்பவ அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் வக்கீல் இலவசம். முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் பெரும்பாலும் இழுக்கும். அதனால் மனுவோடு சேர்த்தே இடைக்கால உத்தரவும் கேளுங்கள்.

முதலில் பேசிப் பார்க்க 181 மகளிர் உதவி எண் இருக்கிறது. கணவர் உங்கள் போனை எடுத்துப் பார்ப்பவர் என்றால் பள்ளியில் நம்பிக்கையான ஒரு டீச்சரின் போனிலிருந்து பேசுங்கள். தேதி போட்டு நடந்ததை எழுதி வையுங்கள், அந்த நோட்டும் பள்ளியிலேயே இருக்கட்டும். சம்பளம் வந்ததும் வெளியே போனதும் தெரிகிற பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நகை வாங்கிய பில்லும் கல்யாண ஆல்பமும் அம்மா வீட்டில் இருக்கும். அவற்றை வாங்கப் போகும்போது இந்தப் பக்கத்தையும் அம்மாவிடம் படிக்கக் கொடுங்கள்.