டிப்பர் இழுத்தால் மட்டும் ஆயில் ஒழுகுகிறதா? வண்டியைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன்…

கேள்வி: மன்னார்குடி பக்கம் எனக்கு 6 ஏக்கர். 45 குதிரைத்திறன் டிராக்டர் வைத்திருக்கிறேன், 8 வருஷ வண்டி. போன வருஷம் பழைய டிரெய்லரை, பெட்டியைத் தூக்கிக் கொட்டும் டிப்பராக மாற்றினேன். சேற்றுழவில் ஒரு சொட்டு ஆயில்கூட ஒழுகுவதில்லை. நெல் ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையம் போய்க் கொட்டிவிட்டு வந்தால் வலது பின் சக்கரத்தின் உள்பக்கமும், பி.டி.ஓ. தண்டுக்கு (பின்னால் மாட்டும் கருவிக்கு இன்ஜின் சக்தியைக் கொடுக்கும் தண்டு) கீழேயும் நனைந்து கிடக்கிறது. தண்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீலை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. இப்போது மெக்கானிக், "வண்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும், முப்பதாயிரம் ஆகும்" என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். முப்பதாயிரத்தை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, ஒரு ஸ்பேனர், ஒரு மெல்லிய கம்பி, அரை லிட்டர் டீசல், ஒரு துணி, இவ்வளவையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போங்கள்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. உழவில் ஒழுகவில்லை, டிப்பர் மாட்டிய பிறகுதான் ஒழுகுகிறது. சீல் உண்மையிலேயே கிழிந்திருந்தால் வயல், சாலை என்று அது பார்க்காது, எங்கேயும் ஒழுகும். புதுச் சீலும் ஒழுகுகிறது என்றால் உள்ளே இருந்து ஏதோ ஆயிலைத் தள்ளுகிறது என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் மூன்றாவது சீல் போட்டாலும் அது அறுவடை முடிகிறவரை தாங்காது.

நம் பகுதியில் ஓடும் பல வண்டிகளைப் போல உங்கள் வண்டியிலும் கியர் பெட்டி, பின் ஆக்சில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில், ஒரே தொட்டி. டிப்பரைத் தூக்கும் ஆயில் அந்தத் தொட்டியிலிருந்துதான் ஓஸ் வழியாகப் போகிறது. எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டிப்பரைத் தூக்கும் சிலிண்டரின் உள் விட்டம் 10 சென்டிமீட்டர், தண்டு 1 மீட்டர் நீளுகிறது என்றால், முழுதாகத் தூக்கும்போது எட்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஆயில் வெளியே போய்விடுகிறது. போன இடத்தில் காற்று உள்ளே வரவேண்டும். டிப்பர் பெட்டியை இறக்கும்போது அந்த எட்டு லிட்டரும் சில நொடிகளில் திரும்பி உள்ளே பாய்கிறது. அப்போது எட்டு லிட்டர் காற்று வெளியே போயாக வேண்டும். அந்தக் காற்று வந்து போகிற வழி ஒன்றே ஒன்றுதான், ஹவுசிங்குக்கு (கியர் பெட்டியையும் ஆக்சிலையும் மூடியிருக்கும் இரும்புக் கூடு) மேலே கட்டைவிரல் அளவில் இருக்கும் பிரீதர். சில வண்டிகளில் ஆயில் ஊற்றும் மூடியிலேயே அது இருக்கும்.

அந்தப் பிரீதர் அடைத்திருந்தால்? பெட்டி இறங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே அழுத்தம் ஏறும். ஆயில் சீல் என்பது தெறிக்கும் ஆயிலைத் தடுக்கச் செய்த ரப்பர் உதடு, அழுத்தத்தைத் தாங்கச் செய்தது அல்ல. எந்தச் சீல் நலிந்திருக்கிறதோ அந்த வழியாக ஆயில் பிதுங்கும். பெட்டியைத் தூக்கும்போது நேர்மாறாக உள்ளே வெற்றிடம் உண்டாகி, சக்கரத்துப் பக்கம் ஒட்டியிருக்கும் சேற்றுத் தண்ணீரைச் சீல் வழியாகவே உறிஞ்சும். உங்களுக்குக் கொட்டிவிட்டுத் திரும்பும்போதுதானே நனைகிறது? எனக்குப் பெரிதாகச் சந்தேகம் இல்லை.

பிரீதர் ஏன் அடைக்கிறது என்று கேட்பீர்கள். கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுச் சேற்றில் உழும்போது வண்டி முழுக்கச் சேறு வாரி இறைக்கும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் தள்ளித் திறந்தாலும், குறுவை, சம்பா, தாளடி என்று மாதக்கணக்கில் வண்டி சேற்றில்தான் கிடக்கிறது. அப்போது ஆயில் பெரிதாகச் சூடாகாது, ஹவுசிங்கைச் சேற்றுத் தண்ணீரே குளிர வைத்துக்கொண்டிருக்கும். அதனால் அடைப்பு தெரியாது. அறுவடைக்கு வண்டி சாலை ஏறும்போதுதான் தெரிகிறது.

போன தை மாதம் திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒருவர் வண்டியை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். உங்களுடையதைப் போலவே கதை, அவர் மூன்று சீல் மாற்றியிருந்தார். பிரீதர் இருந்த இடமே தெரியவில்லை, சேறும் நெல் தூசியும் கிரீசும் சேர்ந்து இறுகிக் காய்ந்து மண்ணாங்கட்டி போல இருந்தது. துணியால் துடைத்துவிட்டு ஸ்பேனரை அரைச் சுற்றுதான் திருப்பினேன், உஸ்ஸென்று காற்று சீறியது. வண்டி நிறுத்தி அரை மணி நேரம் ஆன பிறகும்! கம்பியால் குத்தி, டீசலில் கழுவி, வாயால் ஊதிப் பார்த்து மாட்டினேன். அந்த அறுவடை முழுக்க அவருக்கு ஒழுகவில்லை. மாற்றிய மூன்று சீல்களில் எந்தத் தப்பும் இல்லை.

இதைச் செய்ய உங்களுக்கு மெக்கானிக் தேவையில்லை. வண்டி ஆறிய பிறகு செய்யுங்கள். கழற்றும் முன் சுற்றிலும் துடைத்துவிடுங்கள், மண் உள்ளே விழக்கூடாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: டிப்பர் பெட்டி தூக்கிய நிலையில் அதற்கடியில் தலையை நீட்டாதீர்கள். ஓஸ் ஒன்று விட்டால் பெட்டி அப்படியே இறங்கும்.

அடுத்தது ஆயில் அளவு. டிப்பர் வைத்திருக்கிறவர்களில் பலர் தவறுவது இதில்தான். பெட்டி தூக்கி நிற்கும்போது டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கிறார்கள். எட்டு லிட்டர் சிலிண்டருக்குள் இருக்கிறது, குறைவாகத்தானே காட்டும்? உடனே ஒரு கேனை ஊற்றிவிடுகிறார்கள். பெட்டி இறங்கியதும் தொட்டி நிரம்பி வழியும். அதோடு ஆயில் சூடானால் விரியும். 40 லிட்டர் ஆயில் 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கூடும். பல் சக்கரங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும், நுரை கிடைத்த வழியில் வெளியே வரும். அதனால் சமதளத்தில் நிறுத்தி, பெட்டியையும் பின் லிஃப்ட் கைகளையும் முழுதாக இறக்கி, இன்ஜினை அணைத்து, இருபது நிமிடம் கழித்துப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே இருந்தால் அடியில் உள்ள பிளக்கைத் திறந்து சுத்தமான பாத்திரத்தில் இறக்குங்கள். வாய்க்காலில் விடாதீர்கள். அடுத்தவர் டிப்பரை வாடகைக்கு மாட்டுகிறவர்கள், அந்தச் சிலிண்டரில் கிடக்கும் அவருடைய ஆயிலும் அழுக்கும் உங்கள் கியர் பெட்டிக்குள்தான் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது, முழுதாக மாற்றுங்கள். இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலைய வரிசையிலேயே இருபது லிட்டர் வாளிகளோடு சிலர் வந்து நிற்கிறார்கள். "கம்பெனி ஆயில் அண்ணே, கடை விலையில் பாதி" என்பார்கள். மூடி புதிதாக இருக்கும், லேபிள் ஒரு எழுத்து மாறியிருக்கும், உள்ளே இருப்பது கழிவு ஆயிலைக் காய்ச்சி நிறம் ஏற்றியது. கடைக்காரர்களிலும் சிலர், "எல்லாம் 90 ஆயில்தான்" என்று சொல்லி லாரிக்குப் போடும் கியர் ஆயிலைத் தலையில் கட்டுகிறார்கள். உங்கள் வண்டியில் பிரேக் தகடுகள் அதே ஆயிலில் மூழ்கித்தான் வேலை செய்கின்றன என்றால், அதற்கென்றே செய்த டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில்தான் வேண்டும். யு.டி.டி.ஓ. என்று டின்னில் போட்டிருக்கும். வெறும் 90 ஆயில் ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது கரகரவென்று சத்தம் வரும், தகடு தேயும், ஹைட்ராலிக் மந்தமாகும். ஒழுகலை நிறுத்தும் மருந்து என்று சிறிய பாட்டிலில் விற்பதையும் வாங்காதீர்கள். அது ரப்பரை ஊத வைக்கும், ஒரு சீசன் தாங்கினால் பெரிது. பில் கொடுக்காதவனிடம் ஆயில் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

"பிரித்துப் பார்க்க வேண்டும்" என்கிற பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லா மெக்கானிக்கும் அப்படி இல்லை. ஆனால் வண்டியைப் பிரித்தால் கூலி பெரிது, சாமான் பட்டியல் நீளம், உதிரிபாகக் கடையிலிருந்து கமிஷன் வேறு. பிரிக்கும்போது, "கிளட்ச் தகட்டையும் மாற்றிடலாம், பேரிங்கையும் மாற்றிடலாம்" என்று வரிசையாக வரும். பிரீதரைப் பார்த்தாரா, ஆயில் அளவைப் பார்த்தாரா என்று கேளுங்கள். பார்க்காமலே பிரிக்கச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். பழைய சாமான் எல்லாவற்றையும் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

சரி, பிரித்தே ஆக வேண்டிய நிலை ஒன்று உண்டு. அதைத் தெளிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் பேச்சைக் கேட்டு அதையும் விட்டுவிடக் கூடாது. இன்ஜினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில் கிளட்ச் ஹவுசிங் இருக்கிறது. அதன் அடியில் சிறிய ஓட்டை ஒன்று, அதில் ஒரு ஸ்பிளிட் பின் (இரண்டாகப் பிளந்த கம்பி ஆணி) தொங்கும். அந்த ஓட்டையிலிருந்து ஆயில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் அது கிளட்ச் இருக்கும் இடத்துக்குள் ஆயில் புகுந்துவிட்டது என்று பொருள். எந்த ஆயில் என்று தெரிய வேண்டும். இரவு ஒரு வெள்ளைக் காகிதத்தை அடியில் விரித்து வையுங்கள். காலையில் கறை கறுப்பாக, டீசல் கருகிய வாடையோடு இருந்தால் இன்ஜின் ஆயில், கிராங்கின் பின் சீல் போயிருக்கிறது. பொன்னிறமாக, தொட்டால் வழுவழுவென்று இருந்தால் கியர் பெட்டி ஆயில், உள்ளே நுழையும் தண்டின் சீல் போயிருக்கிறது. அந்த ஓட்டை சேற்றில் அடைத்துக் கிடந்தால் சொட்டாது, ஆயில் உள்ளேயே தேங்கும். அதனால் பின்னை ஆட்டிவிட்டுப் பாருங்கள். லோடோடு மதகுப் பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் கிளட்ச் நனைந்திருக்கலாம். அப்போதும், சொட்டுவது கியர் பெட்டி ஆயில் என்றால் முதலில் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள், அந்தச் சீலையும் அதே அழுத்தம் தள்ளியிருக்கலாம். அதற்குப் பிறகும் சொட்டினாலோ, சொட்டுவது இன்ஜின் ஆயிலாக இருந்தாலோ பிரித்துத்தான் ஆக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது சக்கரமும் பி.டி.ஓ.வும், இரண்டுமே பின்னால். இது உங்கள் கதை அல்ல.

அப்புறம் லோடு. ஒரு கன மீட்டர் நெல் 550 முதல் 600 கிலோ. 10 அடி நீளம், 6 அடி அகலப் பெட்டிக்குப் பலகை அடித்து 4 அடி உயரம் ஏற்றினால் நெல் மட்டும் 4 டன். டிரெய்லர் எடை தனி. அதை இழுக்கிற வண்டியோ 2 டன்தான். டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால் அத்தனை எடையையும் நிறுத்துவது டிராக்டரின் பின் பிரேக், அந்தச் சூடெல்லாம் இதே ஆயிலுக்குள்தான் இறங்குகிறது. பிரேக் மிதியில் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் டிரைவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். டிரெய்லரை மாட்டும் கொக்கித் தகட்டின் போல்ட்டுகளும் இந்த இழுப்பில் தளரும். ஒவ்வொரு வாரமும் முறுக்கிப் பாருங்கள். மேல் இணைப்புப் புள்ளியில் (பின் லிஃப்டின் மேல் கம்பியை மாட்டும் இடம்) எக்காரணம் கொண்டும் டிரெய்லரை மாட்டாதீர்கள், ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கிவிடும்.

இவ்வளவு ஏற்றுவது பேராசையால் அல்ல என்று எனக்குத் தெரியும். டோக்கன் ஒரு நாள் கிடைக்கும், மறுநாள் சாக்கு இல்லை என்பார்கள், அடுத்த நாள் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்பார்கள். கிடைத்த ஒரு நடையில் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டிவிட வேண்டும் என்றுதான் விவசாயி பலகை அடிக்கிறான். கொள்முதல் நிலையம் ஒழுங்காகத் திறந்து ஒழுங்காக எடை போட்டால் பாதிப் பேர் வண்டிக்கு இந்தப் பாடு இருக்காது. எத்தனை வருஷமாகச் சொல்கிறோம்! அது சரியாகும்வரை பலகையை ஒரு அடி இறக்குங்கள், ஒரு நடை கூடப் போங்கள்.

பிரீதரைச் சுத்தம் செய்து, அளவைச் சரிசெய்து, ஆயில் கெட்டிருந்தால் மாற்றி, நனைந்த இடத்தையெல்லாம் டீசலில் கழுவித் துடைத்துவிட்டு மூன்று நடை ஓட்டுங்கள். அதற்கு மேலும் வலது சக்கரம் மட்டும் நனைந்தால், தண்டில் சீல் உட்காரும் இடத்தை விரல் நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் சிக்குகிற அளவு கோடு விழுந்திருந்தால் அந்தக் கோட்டில் உட்காராதபடி சீலைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும், அல்லது தண்டுக்கு ஸ்லீவ் (மெல்லிய உலோக உறை) ஏற்ற வேண்டும். அதற்கு அந்தப் பக்கத்துச் சக்கரத்தையும் ஆக்சிலையும் கழற்றினால் போதும். மூன்று நடைக்குப் பிறகு எந்த இடம் நனைகிறது, பெட்டியை இறக்கிய உடனேயா, ஓடிக்கொண்டிருக்கும்போதா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.