அயோடின்-131: எட்டு நாளில் பாதி என்றால், பதினாறு நாளில்?

கேள்வி: தைராய்டு புற்றுநோய்க்காகச் சுரப்பியை அகற்றிய என் அம்மாவுக்கு 100 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயோடின்-131 என்ற கதிரியக்க மருந்தைக் கொடுக்கப் போகிறார்கள். இதன் அரை ஆயுட்காலம் 8 நாள் என்றால், 16 நாளில் முழுவதும் போய்விடுமா? அயோடின் கலந்த உப்பை இப்போதே நிறுத்தச் சொல்வது ஏன்?

பதில்: போகாது, கால்வாசி மிஞ்சும். முதல் 8 நாளில் 100, 50 ஆகும். அடுத்த 8 நாளில் அந்த ஐம்பதில் பாதிதான் குறையும். ஆக 16ஆம் நாள் 25, 24ஆம் நாள் 12.5. எண்பது நாள் கழித்து ஏறக்குறைய 0.1. எந்த அணு எப்போது சிதையும் (கதிரை வெளிவிட்டு வேறோர் அணுவாக மாறும்) என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வோர் அணுவும் அடுத்த 8 நாளுக்குள் சிதைய வாய்ப்பு சரிபாதி. ஒரு மாதம் தாக்குப்பிடித்த அணுவுக்கும் அதே வாய்ப்புதான். அணுவுக்கு மூப்பு கிடையாது.

இடைப்பட்ட நாளுக்குக் கணக்குப் போடும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். இருபதாம் நாள் எவ்வளவு? 25க்கும் 12.5க்கும் நடுவே 18.75 என்று எழுதினால் தவறு. 20ஐ 8ஆல் வகுத்தால் 2.5. கால்குலேட்டரில் 0.5இன் அடுக்காக 2.5ஐப் போட்டால் 0.177 வரும். ஆக, மிச்சம் 17.7 மில்லிகியூரி.

இது மருந்தைப் புட்டியிலேயே வைத்திருந்தால் வரும் கணக்கு. உடம்பு அதைச் சிறுநீரில் வெளியேற்றவும் செய்யும். உதாரணமாக, ஓர் உறுப்பிலிருந்து அயோடின் பாதியாக வெளியேற 24 நாள் பிடிக்கும் என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்து நடக்கும்போது (8 × 24) ÷ (8 + 24) = 6 நாளிலேயே பாதியாகும். சுரப்பியை எடுத்துவிட்டவர்களுக்கு இன்னும் வேகம். பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று நாளிலேயே வெளியேறிவிடும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் விடச் சொல்வதும் அதனால்தான். குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும் என்பதை மருத்துவமனை அளந்து சொல்லும். நீங்களாகக் கணக்குப் போட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி உப்பு. உப்பில் இருப்பது அயோடின்-127: 53 புரோட்டான், 74 நியூட்ரான். மருந்தில் இருப்பதற்கும் 53 புரோட்டான்தான், நியூட்ரான் மட்டும் 78. வேதியியல் நடத்தையைத் தீர்மானிப்பது புரோட்டான் எண்ணிக்கையும் அதற்கு ஈடான எலக்ட்ரான்களும். எனவே தைராய்டு செல்லுக்கு இரண்டும் ஒன்றே. நிலையற்ற 131இன் அணுக்கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, பீட்டா துகளை (வேகமாகப் பாயும் எலக்ட்ரானை) வெளிவிட்டு, செனான்-131 ஆகிறது. மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிப்பது அந்தப் பீட்டா துகள்தான்.

100 மில்லிகியூரி என்பது வினாடிக்கு 370 கோடி சிதைவு. ஆனால் அதிலுள்ள அயோடின்-131இன் எடை 1 மைக்ரோகிராம்கூட வராது, சுமார் 0.8தான். ஒருவருடைய அன்றாடத் தேவையோ 150 மைக்ரோகிராம்! சாப்பாட்டிலிருந்து வரும் அயோடின் செல்களை நிரப்பிவிட்டால் மருந்துக்கு இடமிருக்காது. அயோடின் சேர்த்த உப்போடு கடல் மீன், பால், முட்டை மஞ்சள் கரு ஆகியவற்றையும் வழக்கமாக ஒன்றிரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

சிகிச்சைக்குப் பின் சிறுநீர் பட்ட துணியைக் கொதிக்க வைப்பதாலோ கிருமிநாசினி ஊற்றுவதாலோ கதிரியக்கம் குறையாது. சூடும் ரசாயனமும் அணுக்கருவை எட்டாது. தனியாக அலசினால் அயோடின் தண்ணீரோடு போகும்; எடுத்து வைத்தால் நாள்தான் குறைக்கும்.