மாவும் நைஸ், மனிதரும் நைஸ்

கேள்வி (கோபிசெட்டிபாளையம் வாசகி): சந்தகைக்கு ஊறவைத்த அரிசியைக் கிரைண்டரில் போட்டுவிட்டு, ‘கொரகொரப்பாக எடுத்துவிடாதே, நைஸாக ஓடட்டும்’ என்று மகளிடம் சொன்னேன். கோவையில் ஆங்கில இலக்கியம் படிக்கும் அவள், ‘நைஸ் என்றால் இனிமையானது என்று பொருள், மாவு எப்படியம்மா நைஸாகும்?’ என்று சிரிக்கிறாள். தலைமுறையாகச் சொல்லிவருவது பிழைதானா, ஐயா?

பதில்: பிழையில்லை, அம்மா. நீங்கள் பேசியது தமிழ். அதில் அந்தச் சொல் மைபோல் அரைபட்டதைக் குறிக்கிறது; கேட்கிற எவருக்கும் ஐயம் எழுவதில்லை. உங்கள் மகள் சொல்லும் பொருளோ, ஆங்கிலத்திலேயே அச்சொல்லுக்குக் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது.

‘நைஸ்’ பிறந்தது இலத்தீனின் ‘நெஸ்கியுஸ்’ என்ற சொல்லிலிருந்து; அதற்கு அறியாதவன் என்று பொருள். ‘நெ’ என்பது இன்மை. ‘ஸ்கீரே’ என்பது அறிதல். அதே ‘ஸ்கீரே’யிலிருந்துதான் ‘சயின்ஸ்’ என்ற சொல்லும் பிறந்தது என்பதால், அறிவியலும் நைஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று படித்தது, மற்றொன்று படிக்காதது. பழைய பிரெஞ்சு வழியாக 1300-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஒருவரை நைஸ் என்றால் மூடன் என்று வைததாகவே பொருள். பிறகு அது எதற்கெடுத்தாலும் முகம் சுளிப்பவரையும், எதிலும் குற்றம் கண்டுபிடிக்கும் நுணுக்கக்காரரையும் குறித்தது. அந்த நுணுக்கத்திலிருந்து மென்மை, நுண்மை, துல்லியம் ஆகிய பொருள்கள் கிளைத்தன. இனிமையானது, மனத்துக்குப் பிடித்தது என்ற இன்றைய பொருள் 18-ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது.

நுண்மை என்ற பழம்பொருள் இன்னும் சாகவில்லை. ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று ஒரு நீதிபதி தீர்ப்பில் எழுதினால், அவர் எதையும் பாராட்டவில்லை. இரண்டு கருத்துகளுக்கிடையே நூலிழை அளவு வேறுபாடு இருக்கிறது என்கிறார். அந்த நூலிழைக்கும் உங்கள் கிரைண்டர் மாவுக்கும் தொலைவு அதிகமில்லை என்பதை மகளிடம் சொல்லுங்கள்.

ஆனால் தேர்வுத்தாளில் அவள் கவனமாக இருக்கட்டும். ‘நைஸ் ஃப்ளவர்’ (flour) என்று ஆங்கிலத்தில் எழுதினால் நல்ல மாவு என்றாகுமே தவிர, சன்னமாக அரைத்த மாவு என்றாகாது. உலர்ந்த மாவுக்கு ‘ஃபைன்’, அரைத்த ஈரமாவுக்கு ‘ஸ்மூத்’ என்பதே அங்கே வழக்கு. கடன் கேட்டவரைக் கண்டதும் ‘நைஸாக நழுவினான்’ என்கிறோமே, அதையும் நைஸ் என்று ஆங்கிலத்தில் சொல்ல முடியாது.

நம் ‘நல்ல’ என்ற சொல்லோடு அது ஒத்துப்போகும் இடங்களும் உண்டு. ‘நைஸ் அண்ட் ஹாட்’ என்றால் காபி நல்ல சூடு. இங்கே சூட்டைத்தான் மெச்சுகிறோம், காபியின் சுவையைப் பற்றிப் பேச்சில்லை. ஏமாற்றியவரிடம் ‘நைஸ் ஃப்ரெண்ட் யூ ஆர்’ என்று ஆங்கிலேயர் குத்திக்காட்டுவது, ‘நல்லா இருக்குதுங்க உங்க ஞாயம்’ என்று நம் பக்கத்தில் சொல்வதற்கு இணை. இரண்டுக்கும் உயிர் குரலில்தான் இருக்கிறது. எழுத்தில் வைத்தால் பாராட்டென்று நினைத்து நன்றி சொல்லிவிடுவார்கள்.

கேள்வி (திருப்பூர் வாசகர்): வெளிநாட்டு பையர் (துணி வாங்குபவர்) ஒருவர் எங்கள் சாம்பிளைப் பார்த்து, ‘துணி நைஸ்’ என்று மெயில் அனுப்பினார். துணி மெலிதாக இருப்பதைக் குறை சொல்கிறார் என்று கட்டிங் மாஸ்டர் வருந்துகிறார். எது சரி?

பதில்: மாஸ்டர் அந்தச் சொல்லைத் தமிழாகப் படித்திருக்கிறார். பையருக்குத் துணி பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். மெல்லிய நூலைக் குறிக்க நினைத்திருந்தால் ‘ஃபைன் கவுண்ட்’ என்று எழுதியிருப்பார். அந்த ‘ஃபைன்’ வெறும் புகழ்ச்சியன்று, அளந்து சொல்லக்கூடியது: 840 கெஜம் நூல் கொண்ட சிட்டம் (நூல்கட்டு) 40 சேர்ந்து ஒரு பவுண்டு எடை வந்தால் அது 40 கவுண்ட், 60 சேர வேண்டியிருந்தால் 60 கவுண்ட். எண் ஏற ஏற நூல் சன்னமாகும். நைஸுக்கு அப்படி எந்த அளவுகோலும் கிடையாது. எனவே அந்த ஒரு சொல்லை நம்பித் துணி ஓட்டிவிடாமல், கவுண்டையும் ஜி.எஸ்.எம். எடையையும் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதையும்) எண்ணில் குறிப்பிட்டு ஒப்புதல் தருமாறு பதில் மெயில் போடுங்கள்.