மீட்டரை மாற்றச் சொல்லலாம் அம்மிணி, முதலில் சுவரைப் பாருங்கள்

வேலந்தாவளத்திலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தையின் கட்டில் போட்டிருக்கும் சுவருக்கு மறுபக்கம், கரண்ட் செலவை ரேடியோ அலை வழியாகத் தானே கம்பெனிக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் இருக்கிறது, அதிலிருந்து அலை வருகிறதாம், வேண்டாம் என்றால் அதற்கும் காசு கேட்கிறார்களாம், என்ன செய்வது, ஊரில் அப்பாவும் இதையேதான் கேட்கிறார் என்பது உங்கள் கேள்வி. நானும் உங்களைப் போலக் கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம்தான், கொழிஞ்சாம்பாறைக்காரி. இங்கே வந்து பதினாறு வருடம் ஆகிறது. அந்த மீட்டரைக் கழற்றச் சொல்லிப் பணம் கட்டியவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பயத்தை முதலில் பேசிவிடலாம். குழந்தையை வைத்துக்கொண்டு நீங்கள் தூக்கம் கெடுவது எனக்குப் புரிகிறது. ரேடியோ அலைகளைப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் சேர்த்தது உண்மை. ஆனால் இந்த மீட்டர் நாள் முழுவதும் அலை வீசிக்கொண்டிருப்பதில்லை. கண நேரத் துடிப்புகளாகச் செய்தி அனுப்பிவிட்டு நின்றுவிடும். காதோடு ஒட்டிப் பிடித்திருக்கும் கைபேசியிலிருந்து நம் உடம்புக்கு வருவதோடு ஒப்பிட்டால், சுவர் தாண்டி வருவது மிகக் குறைவு. தூரம் கூடக் கூட அதுவும் வேகமாகத் தேய்ந்துவிடும். அரை மீட்டர் தள்ளியிருக்கும் கட்டிலை இரண்டு மீட்டருக்கு நகர்த்தினால், வந்து சேரும் அலை பதினாறில் ஒரு பங்காகிவிடும். இன்று ராத்திரியே எதிர்ச்சுவர் ஓரமாகக் கட்டிலை இழுத்துப் போடுங்கள். செலவில்லாத வேலை.

நான் மீட்டரைக் கழற்றச் சொன்னது அலைக்குப் பயந்து அல்ல. 2013இல் அம்மா எங்களோடு இருக்க வந்திருந்தார். ஒரு நாள் பில் கட்ட நிறுவனத்தின் இணையக் கணக்கைத் திறந்தபோது, முந்தைய நாள் கரண்ட் செலவை மணிவாரியாகப் பட்டைப் படமாகப் போட்டிருந்தார்கள். அதுவரை விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் வீட்டுப் பட்டை தரையோடு கிடக்கும். அம்மா வந்த மறுநாளிலிருந்து நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு பட்டை எழுந்து நின்றது. ஊரில் எழுந்த நேரத்துக்கே எழுந்து, மின் அடுப்பில் வெந்நீர் வைத்து, கடுங்காப்பி போட்டுக் குடித்துவிட்டு, எங்களை எழுப்பாமல் இருட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. அம்மாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்பது எனக்கு முன்பே கரண்ட் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது! பின்னோக்கித் தேடினேன். நாங்கள் ஊருக்குப் போயிருந்த மூன்று வாரமும் பட்டை அசையாமல் கிடந்தது. வீடு பூட்டிக் கிடந்தது என்று அதைவிடத் தெளிவாக யாரும் எழுதி வைக்க முடியாது. அன்றைக்கு என் மனம் கசந்தது.

இது என் ஒருத்தியின் மனக்குறை மட்டும் அல்ல. இல்லினாய் மாநிலத்தின் நேப்பர்வில் நகரத்தில் நகராட்சியே மின்சாரம் கொடுக்கிறது. அங்கே பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதை எதிர்த்துக் குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். அரசு இப்படித் தகவல் திரட்டுவது நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காம் திருத்தம் சொல்லும் ‘சோதனை’தான் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் ஒப்புக்கொண்டது. ஆனால் அது நியாயமான சோதனை என்று சொல்லி மீட்டரை அனுமதித்துவிட்டது. வழக்குப் போட்டவர்கள் தோற்றாலும், வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது போன்றதுதான் இது என்பது தீர்ப்பில் பதிவாகிவிட்டது.

இனி காசு விஷயம். ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையைக் கலிஃபோர்னியாவின் பொதுச் சேவைகள் ஆணையம் 2012இல் கொடுத்தது. பழைய சுழல்தட்டு மீட்டரைக் கேட்டு வாங்கலாம். தொடக்கத்தில் 75 டாலர், பிறகு மாதம் 10 டாலர். குறைந்த வருமானக் கட்டணச் சலுகையில் இருப்பவர்களுக்கு 10 டாலரும் 5 டாலரும். மாதக் கட்டணத்தை மூன்று வருடத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2014 டிசம்பரில் வரம்பு வைத்தார்கள். ஆக மொத்தம் 435 டாலர். வேண்டாம் என்று சொல்வதற்கு இது பெரிய தொகை, அநியாயம் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ரீடிங் எடுக்க ஆள் அனுப்பும் செலவு என்று காரணம் சொல்கிறார்கள். வெர்மாண்ட் மாநிலமோ அதே 2012இல் இதற்குக் கட்டணமே வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

எனக்குப் பழைய மீட்டர் வந்தது. கண்ணாடிக்குள்ளே அலுமினியத் தட்டு மெல்லச் சுழலும், அதன் விளிம்பில் கறுப்புக் கோடு வந்து வந்து போகும். ஊரில் எங்கள் திண்ணைச் சுவரில் இருந்ததும் அப்படித்தான். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுத் தட்டு நின்றதா என்று அப்பா டார்ச் அடித்துப் பார்ப்பார். ரீடிங் எடுக்க இங்கேயும் நம் ஊர் போல இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வருவார். நடு மாதத்துக்கு மதிப்பீட்டு பில்தான். வருகிறவருக்கு மோர் கொடுக்கும் வழக்கம் மட்டும் இங்கே கிடையாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்போது இருக்கும் வீட்டில் ஸ்மார்ட் மீட்டரைத்தான் வைத்திருக்கிறேன். கூரையில் சூரியத் தகடு போட்டபோது நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டணத் திட்டம் கட்டாயமாயிற்று. மொத்த யூனிட்டை மட்டும் காட்டும் சுழல்தட்டு அதற்கு உதவாது. என்ன கொடுத்து என்ன வாங்குகிறேன் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். மலையாளத்தில் வந்த நோட்டீசை எழுத்துக்கூட்டிப் படித்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். புரியாத தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு அலைவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். விண்ணப்பத்தை முழுதாகப் படியுங்கள். கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் கேட்க வேண்டும். எரிவாயு மீட்டரிலும் அலை அனுப்பும் பெட்டி இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது வேறு. நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு மின் நுகர்வோர் உரிமை விதிகள், இணைப்புக்கு ஸ்மார்ட் முன்பண மீட்டரோ சாதாரண முன்பண மீட்டரோதான், அதாவது முதலில் பணம் கட்டிவிட்டுக் கரண்ட் எடுக்கும் மீட்டர்தான் என்கின்றன. விலக்கு வேண்டுமென்றால் மின்சார ஒழுங்குமுறை ஆணையம்தான் கொடுக்க முடியும். தனி ஆள் மறுக்க அதில் வழி இல்லை. பெயரில் உரிமை இருந்தும் இந்த உரிமை இல்லாதது எனக்கு வருத்தம்தான். தனியார் முதலீட்டில் மீட்டர் போடும் முறையைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் கேரள அரசு 2023இல் வேறு வழிக்குப் போயிற்று. ஆகவே கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யின் பிரிவு அலுவலகத்தில் நேரில் கேட்கச் சொல்லுங்கள். யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நம்பி அவர் கலங்க வேண்டாம்.

உங்கள் முடிவுக்கு வருகிறேன். நீங்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே மீட்டர்களை ஒரே சுவரில் வரிசையாக மாட்டியிருப்பார்கள். நாளைக் காலை வெளிச்சத்தில் கீழே இறங்கிப் போய் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எட்டு இருந்து, நீங்கள் பணம் கட்டி உங்களுடையதை மாற்றினாலும், மற்ற ஏழும் அதே சுவரில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். அலைதான் கவலை என்றால் கட்டிலை நகர்த்தியதோடு விட்டுவிடுங்கள், 75 டாலரைக் கொடுக்காதீர்கள். வீட்டுக் கணக்கு வெளியே போவதுதான் உறுத்துகிறது என்றால், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு விண்ணப்பம் போடுங்கள். எண்ணிக்கையை எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்பலாம்.