கழற்றி மாட்டும் பைபாட்: எதை வாங்குவது?

கேள்வி: கனடாவில் உரிமம் பெற்று மான் வேட்டைக்குச் செல்கிறேன், சுடுதளத்திலும் பயிற்சி செய்கிறேன். இரண்டுக்கும் ஒரே பைபாட் (துப்பாக்கியின் முன்பகுதியைத் தாங்கும் இருகால் தாங்கி) போதுமா?
– வாசகர், ஒன்டாரியோ

பதில்: போதாது என்பதே என் கருத்து. படுத்தோ மேசைமீது வைத்தோ சுடுவதற்கு 6 முதல் 9 அங்குலம் வரை நீளும் கால்கள் பொருத்தமானவை. அவற்றையே உயரமான புல்வெளிக்குக் கொண்டுபோனால், தொலைநோக்கியில் மானுக்குப் பதில் புல்நுனிதான் தெரியும். அங்கே உட்கார்ந்து சுட ஏறத்தாழ 27 அங்குலம் வரை நீளும் கால்கள் தேவை. அவை கனமானவை, மேசைக்கும் உதவா. எனவே ஒரே வகைப் பொருத்தியுடைய இரண்டை வாங்கி, இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹாரிஸ் நிறுவனத்தின் பைபாட் போன்ற பழைய வகைகள் துப்பாக்கி வாரை மாட்டும் குமிழைக் கவ்வி, திருகால் இறுகுபவை. உறுதியானவைதாம், ஆனால் கையுறையோடு கழற்றுவது தொல்லை. பிக்காட்டின்னி தண்டவாளத்தில் (துணைக்கருவிகளை மாட்ட, துப்பாக்கியில் உள்ள பள்ளங்கள் வெட்டிய பட்டை) நெம்புகோலால் பூட்டும் வகை நொடியில் கழன்றுவிடும். எதுவானாலும், சரிவான தரையில் துப்பாக்கியை மட்டமாக்கிக்கொள்ள, தலைப்பகுதி பக்கவாட்டில் சாயக்கூடியதாக இருக்கட்டும்.

ஒரு முக்கியமான சோதனை: மலிவான பிளாஸ்டிக் முன்கட்டை (குழலுக்கு அடியில் இருக்கும் துப்பாக்கிக் கட்டையின் முன்பகுதி), பைபாட்மீது எடை ஏறும்போது வளைந்து குழலைத் தொடுவதுண்டு; அப்போது தோட்டா விழும் இடமே மாறிவிடும். தோட்டா இல்லாததை உறுதிசெய்துகொண்டு, துப்பாக்கியைப் பைபாட்டில் நிறுத்திச் சற்று அழுத்தியபடி, குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். அது தடைப்பட்டால், முதலில் மாற்றவேண்டியது பைபாட்டை அல்ல, அந்தக் கட்டையைத்தான்.