பக்கத்து வீட்டில் 3 நாளில் போன காய்ச்சல், அண்ணனை ஏன் படுக்க வைத்தது?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 42, சர்க்கரை உண்டு, உடம்பும் கொஞ்சம் பருமன். காய்ச்சலுக்கு 4 நாள் மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். 5ஆம் நாள் மூச்சுத்திணறல். மதுரையில் சேர்த்தோம், பன்றிக்காய்ச்சலாம், ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு இதே காய்ச்சல் 3 நாளில் போய்விட்டது. அண்ணன் பிழைப்பாரா? அண்ணி 7 மாதக் கர்ப்பிணி, அவருக்கும் வருமா?
வாசகி, மேலூர்

பதில்: பயப்படாதீர்கள், சகோதரி. ஆக்சிஜன் வைத்தவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்புகிறார்கள். அண்ணனை நேரில் பார்க்காமல் இதற்கு மேல் உறுதி சொல்ல எனக்கு உரிமை இல்லை. வார்டு டாக்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஆக்சிஜன் அளவைக் குறைத்து வருகிறார்களா, கூட்டுகிறார்களா? சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? குறைத்து வந்தால் நல்ல சேதி.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் அண்ணனுக்கும் கிருமி ஒன்றுதான், உடம்பு வேறு. சர்க்கரை, பருமன், ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய், கர்ப்பம் உள்ளவர்களிடம் பன்றிக்காய்ச்சல் கிருமியான இந்த எச்1என்1 வைரஸ் எளிதில் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். 2009இல் இது உலகெங்கும் பரவியபோது, அமெரிக்காவில் மருத்துவமனையில் சேர்ந்த 272 பேரை ஆராய்ந்தார்கள். நான்கில் மூன்று பேருக்கு இப்படி ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. நான்கில் ஒருவருக்கு ஐ.சி.யு. தேவைப்பட்டது, 19 பேர் இறந்தார்கள். அந்த 19 பேரில் ஒருவருக்குக்கூட காய்ச்சல் தொடங்கிய முதல் 48 மணி நேரத்துக்குள் வைரஸை அடக்கும் மாத்திரை போய்ச் சேரவில்லை.

அதனால்தான் யார் வந்தாலும் "காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சது?" என்று முதலில் கேட்கிறேன். ஒருமுறை, மூச்சிரைக்க வந்த ஒருவரின் மனைவி மஞ்சப்பையைக் கவிழ்த்தார். மேசையில் இரண்டு ஆன்டிபயாடிக் அட்டை, ஒரு வலி மாத்திரை, பாதி குடித்த இருமல் டானிக். 6 நாள் வைத்தியம். வைரஸுக்கான ஓசல்டாமிவிர் மட்டும் அதில் இல்லை. அந்த அம்மா மேல் எனக்குக் கோபமே வரவில்லை; அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. "காய்ச்சல் சட்டென்று இறங்க" என்று போடும் ஸ்டீராய்டு ஊசி, சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரையை ஏற்றிவிட்டு, கிருமியை இன்னும் கொஞ்ச நாள் தங்க வைக்கும். அண்ணனைத் தாமதமாகச் சேர்த்தோமே என்று மருக வேண்டாம். மோசமாக இருப்பவருக்கு 2 நாள் தாண்டிக் கொடுத்தாலும் அந்த ஓசல்டாமிவிர் மாத்திரை உதவும்.

பன்றிக்கறிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருமல், தும்மல், கை வழியாகத்தான் பரவுகிறது.

இப்போது என் கவலையெல்லாம் அண்ணியைப் பற்றித்தான். 7ஆம் மாதத்தில் வயிறு மேலேறி நுரையீரல் விரிய இடம் குறைந்திருக்கும். நோய் எதிர்ப்பும் மாறியிருக்கும். ஆஸ்பத்திரியில் துணைக்கு அவரை உட்கார வைக்காதீர்கள், நீங்கள் இருங்கள், முகக்கவசத்தோடு. அண்ணன் படுத்திருக்கும் விவரத்தைச் சொல்லி இன்றே அவரைப் பிரசவ டாக்டரிடம் காட்டுங்கள்; தடுப்பாக மாத்திரை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். காய்ச்சல், தொண்டைவலி தலைகாட்டினால் சளிப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மாத்திரையைத் தொடங்க வேண்டும். கர்ப்பிணிக்குக் கொடுக்கலாம், தயங்க வேண்டாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதடு நீலம், குழந்தை அசைவு குறைவு, விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழ் என எது வந்தாலும், நடுராத்திரியானாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.