பொன்வேலைச் சுவடிகளைப் பேணும் பணி: மகளின் விருப்பம் குறித்து ஒரு தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா,

இளங்கலை வேதியியல் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள் பொன்னாலும் வண்ணங்களாலும் அணிசெய்யப்பட்ட பாரசீக, அரபுச் சுவடிகளைப் பேணும் பணிக்குச் செல்ல விரும்புவதாகவும், மூன்றாண்டுப் படிப்பு வீணாகிவிடுமோ என்று நீங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த அச்சம் வேண்டாம். இத்துறைக்கு வேதியியல் அறிந்தவர்கள் மிகவும் தேவை.

அந்தச் சுவடிகள் உருவான முறையைப் பார்த்தால் காரணம் விளங்கும். காகிதத்துக்குக் கஞ்சி பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய பிறகே எழுத்தர் அதில் எழுதத் தொடங்குவார். தங்க ரேக்கைத் தேனிலோ பிசினிலோ அரைத்துக் கழுவி எடுத்த பொன்பொடியைக் கொண்டு, 'தஸ்ஹீப்' எனப்படும் அணிவேலையைச் செய்பவர் தலைப்புகளையும், சூரிய வட்டம் போன்ற 'ஷம்ஸா'வையும் வரைவார். நீலத்துக்கு ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி கல் பயன்பட்டது. பொன்னும் இந்த நீலமும் பல நூற்றாண்டுகள் நிலைத்து நிற்பவை. பச்சைதான் தொல்லை தரும். நம் செம்புப் பாத்திரங்களில் பிடிக்கும் களிம்பைப் போன்ற பொருளிலிருந்து செய்த அந்தப் பச்சை, காலப்போக்கில் தன் கீழுள்ள காகிதத்தையே அரித்துவிடுவதால், பக்கத்தைச் சுற்றி வரைந்த பச்சைக் கோட்டின் வழியே நடுப்பகுதி முழுவதும் தனியே கழன்று விழுந்த ஏடுகள் உண்டு. அதை ஒட்டுவதற்கு ஈரப்பசையைத் தாராளமாகத் தடவினால், ஈரத்தோடு செம்பு அயனிகள் நகர்ந்து நல்ல காகிதத்தையும் கெடுத்துவிடும். ஆகவே எவ்வளவு ஈரம், எந்தப் பசை என்று முடிவு செய்பவருக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மகள் ஆய்வகத்தில் பழகிய பொறுமைக்கு இதைவிடத் தகுந்த இடம் எனக்குத் தோன்றவில்லை.

குறை இருப்பது மொழியில். குர்ஆன் ஓதப் பழகியதால் எழுத்துகள் அவருக்குத் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். அது நல்ல தொடக்கம். ஆனால் பாரசீகம் அரபுக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி அன்று. கூடுதலாக நான்கு எழுத்துகளும் உண்டு. சரிந்து இறங்கும் நஸ்தாலீக் எழுத்தைப் படிக்கக் கண்ணுக்குத் தனிப்பழக்கம் வேண்டும். பிரிந்து கிடக்கும் ஏடுகளை வரிசைப்படுத்தவும், ஒரு பக்கத்தின் கீழ் ஓரத்தில் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை எழுத்தர் குறித்திருப்பதைக் கண்டுகொள்ளவும் இந்தப் பழக்கம் உதவும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருது மொழிகளுக்கான துறை இருக்கிறது; பட்டம் முடியும் முன்பே பாரசீகத்தைத் தொடங்கிவிடுவது நல்லது.

அடுத்த படிப்புக்கு, முன்பு தேசிய அருங்காட்சியக நிறுவனமாக இயங்கி இப்போது நொய்டாவில் உள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தின் பாதுகாப்பியல் (பழம்பொருள்களைப் பேணும் துறை) முதுகலையை முதன்மையாகக் கருதுங்கள். சேர்க்கைத் தகுதியை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். லக்னோவில் இத்துறைக்கென்றே ஒரு தேசிய ஆய்வகமும் உள்ளது.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். 1891-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பாட்னா குதா பக்‌ஷ் நூலகம், ராம்பூர் ரஸா நூலகம், ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பணி மிகுதி, நிரந்தரப் பதவிகள் குறைவு. தொடக்க ஆண்டுகள் ஒப்பந்தப் பணியிலேயே கழியக்கூடும். வீட்டின் பொருளாதாரம் அதைத் தாங்குமா என்பதை நீங்களும் அவரும் சேர்ந்து கணக்கிட வேண்டும். தாங்காது என்றால், முதுகலை வேதியியலை முடித்துவிட்டு இதற்கு வருவதிலும் தவறில்லை; இரண்டாண்டுத் தாமதத்தால் இந்த வழி அடைபட்டுவிடாது.

விண்ணப்பிக்கும் முன், சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். அங்கே தமிழ், வடமொழிச் சுவடிகளோடு அரபு, பாரசீகச் சுவடிகளும் இருக்கின்றன. பூச்சி அரித்த ஒரு காகிதச் சுவடியைப் பார்த்த பிறகும் அவருக்கு இந்த விருப்பம் குறையாமல் இருந்தால் எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்துடன் வைக்க வேண்டிய நோக்கவுரையை அவரோடு அமர்ந்து எழுத உதவுகிறேன்.